உறங்கும் விதிகள், உருமாறும் குடியிருப்புகள்

புது தில்லி: தலைநகரின் பழைய ராஜேந்தர் நகரில் 2024 ஜூலை 27-ஆம் தேதி மாலை பெய்த மழையின் வெள்ளம், குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்துக்குள் புகுந்தது. அங்கு படித்துக் கொண்டிருந்தவர்களில் மூவர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். உத்தரப் பிரதேசம், தெலங்கானா, கேரளம் ஆகிய மாநிலங்களிலிருந்து ஆட்சிப் பணிக் கனவுடன் தில்லிக்கு வந்தவர்கள் அவர்கள். வாகனங்களை நிறுத்தவும் பொருள்களைச் சேமித்து வைக்கவும் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்த அந்த அடித்தளம், விதிகளை மீறி நூலகமாக இயங்கி வந்தது. இதுகுறித்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்பே மாணவர் ஒருவர் மாநகராட்சிக்குப் புகார் அனுப்பியிருந்தார்.

விபத்துக்குப் பிறகு காட்சி மாறியது. அடித்தளங்களில் இயங்கிய பயிற்சி மையங்களுக்கு மாநகராட்சி ஊழியர்கள் அடுத்தடுத்துச் சீல் வைத்தனர். ஆகஸ்ட் 2-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் வழக்கின் விசாரணையை சிபிஐ-யிடம் ஒப்படைத்தது. மூன்று நாள்கள் கழித்து உச்ச நீதிமன்றம், இத்தகைய பயிற்சி மையங்கள் மரணக் கூடங்களாகிவிட்டன என்று கண்டித்தது.

ஒரு மாத காலத்தில் ஒரு புகாரின் உண்மையை நேரில் சென்று பார்க்காத நிர்வாகத்துக்கு, ஓரிரு நாள்களில் பல கட்டடங்களை மூட முடிந்தது எவ்வாறு? அதற்கான அதிகாரம் சட்டத்தில் முன்பே இருந்தது. உரிய காலத்தில் அதைப் பயன்படுத்தவில்லை என்பதே உண்மை. குடியிருப்புப் பகுதிகளைக் காப்பதற்கான கட்டட விதிகளும் நிலப் பயன்பாட்டு விதிகளும் நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் இந்த நிலையில்தான் உள்ளன. ஆண்டுக்கணக்கில் உறங்கும் விதிகள், உயிரிழப்பு நேர்ந்தாலோ நீதிமன்றம் சாட்டையை எடுத்தாலோ விழித்தெழுகின்றன. அவ்வாறு விழிக்கும்போது அவற்றின் அடி, தவறு செய்தவர்கள் மீது மட்டும் விழுவதில்லை.

வீடு கடையாகும் விதம்: பழைய ராஜேந்தர் நகர், தேசப் பிரிவினையின்போது வீடிழந்து வந்த அகதிக் குடும்பங்களுக்காக உருவாக்கப்பட்ட குடியிருப்பு. சிறிய மனைகள், குறுகிய தெருக்கள், ஒரு மனைக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கில் அமைந்த கழிவுநீர்க் குழாய்கள் என்பதே அதன் தொடக்க கால அமைப்பு. அருகிலுள்ள கரோல் பாகில் தமிழ்க் குடும்பங்களும் பல பத்தாண்டுகளாக வாழ்ந்து வருகின்றன. பின்னாளில் மத்திய தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படிப்போரின் தலைமையிடமாக இப்பகுதி மாறியது. தமிழகத்திலிருந்து செல்லும் மாணவர்களும் இங்குதான் அறை தேடுகின்றனர்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் ஒரு வீட்டின் முன்னறை அலுவலகமாகிறது. பிறகு மாடியில் விடுதி அறைகள் எழுகின்றன. வாகனங்களுக்கான அடித்தளத்தில் மேசை, நாற்காலிகள் இடம்பெறுகின்றன. வாகனங்கள் தெருவுக்கு வருகின்றன. வாடகை உயர்வதால் பக்கத்து வீட்டுக்காரரும் அதே வழியை நாடுகிறார். குழாய்களும் மின்கம்பிகளும் மட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன. தீயணைப்பு வாகனம் நுழைய வேண்டிய தெருவில் இரு சக்கர வாகனம் நுழைவதே அரிதாகிறது.

அதன் விளைவுகளைத் தில்லி பலமுறை அனுபவித்துள்ளது. குடியிருப்புப் பகுதிகளில் விதிகளுக்குப் புறம்பாக இயங்கும் தொழிற்கூடங்களை மூட வேண்டும் என்று 2004 மே மாதத்திலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், 2019 டிசம்பர் 8-ஆம் தேதி அதிகாலை, அனாஜ் மண்டி பகுதியில் நெருக்கமான வீடுகளுக்கிடையே தொழிற்கூடங்கள் இயங்கி வந்த கட்டடம் ஒன்றில் தீப்பற்றியது. அங்கேயே உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 43 பேர் மாண்டனர். 2023 ஜூன் 15-ஆம் தேதி முகர்ஜி நகரில் பயிற்சி மையம் ஒன்றில் தீப்பற்றியபோது, மாணவ, மாணவியர் சன்னல் வழியே கயிறுகளைப் பற்றி இறங்கிய காட்சியை நாடே பார்த்தது. 2024 மே மாதம் விவேக் விஹாரில் இயங்கிய குழந்தைகள் மருத்துவமனையில் ஏற்பட்ட தீ விபத்தில் பச்சிளம் குழந்தைகள் உயிரிழந்தனர். அம்மருத்துவமனையின் உரிமம் அதற்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

விதி கூறுவது என்ன?: தில்லியின் முதல் பெருந்திட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த நிலம் வீட்டுக்கு, எது வணிகத்துக்கு, எது தொழிலுக்கு என்று அது வரையறுத்தது. 2007 பிப்ரவரி 7-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட 2021-ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம், காலமாற்றத்தைக் கருத்தில் கொண்டு இவ்விதிகளைக் கணிசமாகத் தளர்த்தியது.

காய்கறி, மளிகை, பால், மருந்து போன்ற அன்றாடத் தேவைக்கான பொருள்களை விற்கும் சிறு கடைகளைக் குடியிருப்பின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டர் வரை நடத்தலாம். வழக்குரைஞர், மருத்துவர் போன்றோர் தமது வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாம். சொத்து வரிக்காக ஏ முதல் எச் வரை வகைப்படுத்தப்பட்டுள்ள காலனிகளில், முதல் இரு பிரிவுகளில் புதிதாகச் சில்லறை வணிகத் தெருக்களை அறிவிக்க இடமில்லை. பிற பிரிவுகளில் தெருவின் அகலத்துக்கேற்ப வீடும் கடையும் கலந்த பயன்பாடு அனுமதிக்கப்படுகிறது. திட்டமிட்ட மனைப்பிரிவுகளைப் பொருத்தவரை, சி, டி பிரிவுகளில் தெரு 18 மீட்டர் அகலமும், இ, எஃப், ஜி பிரிவுகளில் 13.5 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். இவ்வாறு பயன்படுத்துவோர் பயன்பாட்டு மாற்றக் கட்டணமும் வாகன நிறுத்தக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

எனவே, குடியிருப்புகளில் கடையே கூடாது என்று விதிகள் கூறவில்லை. தெரு தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்பதே அவற்றின் சாரம். கடைக்கு 18 மீட்டர் அகலம் கேட்பதன் பின்னே, வாகனம் நிற்கவும் தீயணைப்பு வண்டி திரும்பவும் இடம் வேண்டும் என்ற எளிய கணக்கு உள்ளது.

2006 தந்த பாடம்: இக்கணக்கை நிர்வாகம் பல ஆண்டுகள் பொருள்படுத்தாமல் விட்டதன் விளைவே 2006-இல் தில்லியை உலுக்கிய சீல் வைப்பு நடவடிக்கை. சுற்றுச்சூழல் வழக்குரைஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் அவ்வாண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வீடுகளை வணிகத்துக்குத் தவறாகப் பயன்படுத்துவோரின் கட்டடங்களுக்குச் சீல் வைக்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி செய்தது. அதிகாரிகளின் ஒத்துழைப்பு இல்லாமல் இவ்வளவு பெரிய அளவில் விதிமீறல் நடந்திருக்க இயலாது என்றும் சுட்டிக்காட்டியது.

மாநகராட்சி மீது நம்பிக்கை இழந்த நீதிமன்றம், மார்ச் மாதம் கண்காணிப்புக் குழு ஒன்றை நியமித்தது. தேர்தல் ஆணையத்தின் முன்னாள் ஆலோசகர் கே.ஜே. ராவ், பூரே லால், ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் சோம் ஜிங்கன் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டதும் வணிகர்கள் தெருவுக்கு வந்தனர். கடையடைப்புகளும் மறியல்களும் தொடர்ந்தன. செப்டம்பர் 20-ஆம் தேதி சீலம்பூரில் நடந்த போராட்டம் வன்முறையாக மாற, போலீஸார் துப்பாக்கிச்சூடு நடத்தினர். அதில் உயிர்கள் பலியாயின.

ஓர் அறை கடையாக மாறியபோதே இளநிலைப் பொறியாளர் ஒருவர் சென்று தடுத்திருந்தால் முடிந்திருக்கக் கூடிய பணி, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வாதாரப் பிரச்னையாகவும், சட்டம் ஒழுங்குப் பிரச்னையாகவும் உருவெடுத்தது.

தள்ளிப்போடும் சட்டம்: போராட்டங்களுக்கிடையே 2006 மே மாதம் நாடாளுமன்றம் தில்லிக்கென ஒரு சிறப்புச் சட்டத்தை இயற்றியது. குறிப்பிட்ட சில வகை விதிமீறல்கள் மீதான நடவடிக்கையை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்து, அதற்குள் நிரந்தரத் தீர்வு காண்பதே அதன் நோக்கம். அந்த ஓராண்டு முடியவே இல்லை. புதிய சட்டங்கள், திருத்தங்கள் வாயிலாக அப்பாதுகாப்பு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2014, 2017, 2020 ஆகிய ஆண்டுகளைத் தொடர்ந்து 2023 டிசம்பரிலும் நாடாளுமன்றம் இதை நீட்டித்து, 2026 டிசம்பர் 31-ஐ இறுதி நாளாக நிர்ணயித்தது. மத்தியில் எக்கூட்டணி ஆட்சியில் இருந்தாலும் இதில் வேறுபாடு இருந்ததில்லை.

நீட்டிப்புக்கு நியாயமே இல்லை எனக் கூற முடியாது. அங்கீகாரமற்ற காலனிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் வாழும் லட்சக்கணக்கான ஏழை மக்களுக்கு வேறு புகலிடம் இல்லை. அவர்களின் கூரையைக் காப்பது அரசின் கடமை. ஆனால், கூரைக்காகத் தரப்பட்ட அவகாசத்தின் நிழலில், லாபத்துக்காக மாடி மேல் மாடி எழுப்பியவர்களும் ஒதுங்கிக் கொண்டனர். பொறுத்திருந்தால் வரன்முறைப்படுத்தி விடுவார்கள் என்ற எண்ணத்தை ஒவ்வொரு நீட்டிப்பும் வலுப்படுத்தியது. விதியை மதித்து இரண்டு மாடியோடு நின்றவர்தான் ஏமாளியானார்.

இடையில் செயலிழந்திருந்த கண்காணிப்புக் குழுவுக்கு 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிரூட்டியது. டிஃபென்ஸ் காலனி சந்தையில் தொடங்கிய சீல் வைப்பு, 2018-இல் மறுபடியும் கடையடைப்புகளுக்கு வழிவகுத்தது. இக்குழுவும் எல்லை மீறியது. வணிகத்துக்குப் பயன்படுத்தப்படாத தனியார் குடியிருப்புக் கட்டடங்களுக்குச் சீல் வைக்க அதற்கு அதிகாரம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

வணிகர்களின் வாதம்: சீல் வைப்புக்கு எதிராக வணிகர்கள் முன்வைக்கும் வாதத்தை எளிதில் புறந்தள்ளிவிட இயலாது. பெருகி வரும் மக்கள்தொகைக்கு ஏற்ற வணிக வளாகங்களைத் தில்லி வளர்ச்சி ஆணையம் உரிய காலத்தில் கட்டித் தரவில்லை. கடை நடத்த அனுமதிக்கப்பட்ட இடமே கிடைக்காதபோது வீட்டில் நடத்துவதைத் தவிர வழியென்ன என்று அவர்கள் கேட்கின்றனர். தாங்கள் செலுத்தும் கட்டணங்களைக் கொண்டு உருவாக வேண்டிய வாகன நிறுத்துமிடங்கள் எங்கே என்றும் வினவுகின்றனர்.

குடியிருப்போரின் குறை வேறு. ஓய்வூதியப் பணத்தில் வீடு வாங்கியவர், இரவு 11 மணி வரை பக்கத்து உணவகத்தின் புகையையும் இரைச்சலையும் சகித்துக் கொள்ள வேண்டியுள்ளது. மாநகராட்சியில் புகார் அளித்தால், புகார்தாரரின் பெயர் எதிர்தரப்புக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். குடியிருப்போர் நலச் சங்கங்களிலும் வாடகை வருவாய் பெறுவோர் ஒரு பக்கம், அமைதியை நாடுவோர் மறுபக்கம் எனப் பிளவு ஏற்படுவதுண்டு. விதி ஒழுங்காக அமலாகும் இடத்தில் அண்டை வீட்டார் பகையாளியாக வேண்டிய தேவை எழுவதில்லை.

நோட்டீஸுக்குப் பின்: தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 343-ஆவது பிரிவின்படி, அனுமதியற்ற கட்டுமானத்தை இடிக்க உத்தரவிடும்போது 5 நாள்களுக்குக் குறையாமலும் 15 நாள்களுக்கு மிகாமலும் அவகாசம் தர வேண்டும். அதற்கு முன்னர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பாதிக்கப்படுவோர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். காகிதத்தில் இது சில வார வேலை.

நடைமுறையில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. தீர்ப்பாயத்தில் இடைக்காலத் தடை கிடைக்கிறது. வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்கிறது. தடை இல்லாத இடங்களில், மேல்தளத்தில் சில துளைகளை இட்டுப் புகைப்படம் எடுத்துக் கொண்டு நடவடிக்கை முடிந்தது எனக் கோப்பை மூடுவதும் தலைநகரில் தெரிந்த கதைதான். சில வாரங்களில் துளைகள் அடைக்கப்பட்டு, கட்டடம் பழையபடி நிற்கும்.

மற்றொரு குறை, துறைகளுக்கு இடையிலான இடைவெளி. கட்டட அனுமதி தருவது ஒரு துறை, தொழில் உரிமம் தருவது மற்றொரு துறை, தீத்தடுப்புச் சான்று வேறு துறை, மின் இணைப்பு வழங்குவது தனி நிறுவனம். ஒரு மேசையில் கிடங்கு எனப் பதிவாகியுள்ள அடித்தளம், இன்னொரு மேசையின் கண்ணுக்கு வகுப்பறையாகத் தெரிந்தாலும் தகவல் பரிமாறப்படுவதில்லை.

மீரட் வழக்கின் வெளிச்சம்: தில்லிக்கு வெளியேயும் இதே கதைதான். உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டின் சாஸ்திரி நகரில், மாநில வீட்டுவசதி வாரியம் 1986-இல் குடியிருப்புக்காக ஒதுக்கிய மனை ஒன்றில், 1990 வாக்கில் அனுமதியின்றிக் கடைகள் கட்டப்பட்டன. வாரியம் அப்போதே நோட்டீஸ் அனுப்பியது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014-இல் இடிக்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2024 டிசம்பர் 17-ஆம் தேதிதான் வந்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, நீண்ட காலம் நிலைத்திருப்பதாலோ பெருந்தொகை முதலீடு செய்யப்பட்டிருப்பதாலோ அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கத் தவறியதாலோ சட்டவிரோதக் கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதி மகாதேவன் முன்னர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றியவர். 2025 அக்டோபரில் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. முதல் நோட்டீஸுக்கும் இடிப்புக்கும் இடையே 35 ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் அங்கு பிழைப்பு நடத்தப் பழகிவிட்ட கடைக்காரர்களின் கண்ணீருக்கு, அந்தத் தாமதமே முதல் காரணம்.

இத்தீர்ப்பில் நாடு முழுவதற்கும் பிறப்பிக்கப்பட்ட நெறிமுறைகளே இதன் தனிச்சிறப்பு. கட்டுமான இடத்தில் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தை அனைவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவேட்டில் குறிக்க வேண்டும். பணி நிறைவுச் சான்று இருந்தால்தான் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு தர வேண்டும். வங்கிகள் அச்சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் வழங்க வேண்டும். அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் நடத்த எத்துறையும் உரிமம் தரக் கூடாது. தவறான சான்று வழங்கும் அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. புல்டோசர் செய்யும் வேலையை, தொடக்கத்திலேயே மின் இணைப்பு விண்ணப்பம் ஒன்றை நிராகரிப்பதன் மூலம் செய்துவிட முடியும் என்பதே இந்நெறிமுறைகளின் உட்பொருள்.

அண்டை நகரங்களின் அனுபவம்: நொய்டாவின் குடியிருப்புப் பிரிவுகளில் இயங்கிய வங்கிகளும் மருத்துவமனைகளும் வெளியேற வேண்டும் என்று 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதேவேளையில் மருத்துவர், வழக்குரைஞர், கட்டடக் கலைஞர் ஆகியோர் தரைத்தளத்தில் 30 சதவீதப் பரப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்த இடமளித்தது. எது கூடும், எது கூடாது என்ற கோடு தெளிவாக வரையப்பட்டது.

சண்டீகரில் நிலைமை நுட்பமானது. தனி வீடுகளை அடுக்குமாடி வீடுகளாகப் பிரிக்க இடமளித்த 2001-ஆம் ஆண்டு விதிகள், குடிமக்களின் எதிர்ப்பால் 2007-இல் ரத்து செய்யப்பட்டன. ஆயினும் வீட்டின் உரிமையைப் பங்குகளாக விற்று, மாடிக்கு ஒரு குடும்பம் என்ற நிலையைச் சிலர் மறைமுகமாக உருவாக்கினர். நிர்வாகம் அதைக் கண்டும் காணாதிருந்தது. லெ கார்பூசியே வடிவமைத்த நகரின் முதற்கட்டப் பிரிவுகளில் இது கூடாது என்று 2023 ஜனவரி 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடுத்தது. விதி ரத்தான பின்னும் மீறல் 15 ஆண்டுகள் தொடர்ந்தது என்பது, சட்டப் புத்தகத்தைத் திருத்துவதால் மட்டும் தெரு மாறிவிடாது என்பதற்குச் சான்று.

வேண்டியது என்ன?: விதிகளை அமலாக்குவது என்றாலே இடிப்பதும் சீல் வைப்பதும்தான் என்ற எண்ணம் மாற வேண்டும். 2024 நவம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் புல்டோசர் நடவடிக்கைகளுக்குக் கடிவாளமிட்டது. 15 நாள் முன்னறிவிப்பு, நேரில் விளக்கமளிக்க வாய்ப்பு, இடிப்பதை விடியோவில் பதிவு செய்தல் ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களின் ஆக்கிரமிப்புகளுக்கு இவற்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஒருபுறம் உறக்கம், மறுபுறம் ஆவேசம் என்ற இரு எல்லைகளுக்கும் இடையே முறையான பாதை ஒன்று உண்டு என்பதை இவ்விரு தீர்ப்புகளும் சேர்ந்து காட்டுகின்றன.

அப்பாதையில் செல்ல, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு கட்டடத்தின் அனுமதி, தீத்தடுப்புச் சான்று, தொழில் உரிமம், மின் இணைப்பு ஆகியவற்றை ஒரே பதிவில் இணைத்து, பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். புகார் வந்தால் எத்தனை நாள்களுக்குள் ஆய்வு, யார் பொறுப்பு என்பதை வரையறுத்து, தவறினால் அந்த அலுவலரிடம் விளக்கம் கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அடித்தளம், ஒற்றை வாசல், தீ அபாயம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை தந்து, சிறு கடைக்காரரைக் கடைசியில் அணுக வேண்டும். வணிகத்துக்கு ஒதுக்கப்பட்ட இடங்களை விரைந்து உருவாக்கி, வெளியேற்றப்படுவோருக்கு மாற்றிடம் காட்ட வேண்டும். மேல்முறையீடுகளை 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவைப் பின்பற்ற வேண்டும்.

தில்லி சிறப்புச் சட்டத்தை நீட்டிக்கும் மசோதா ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்துக்கு வரும்போது, நிரந்தரத் தீர்வு காண இன்னும் அவகாசம் தேவை என்பதே அரசின் விளக்கமாக இருந்து வந்துள்ளது. அந்த அவகாசத்தின் விலையை அதைக் கேட்டவர்கள் தந்ததில்லை. குறுகிய தெருவில் கதவைச் சாத்திக் கொண்டு வாழ்வோரும், விதிமீறிய கட்டடத்தில் வேலைக்கும் படிப்புக்கும் வந்து சேர்வோரும்தான் தந்திருக்கின்றனர்.